கண்ணாடியில் ஒரு நெற்றி

இது கதை இல்லை. நடந்தது. எனக்கே நடந்தது. என் மனைவியிடம் சொன்னபோது, “பட்டினியா வேலை பார்த்தா இப்படித்தான் எதையாவது பார்ப்பீங்க” என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்து வைத்தாள். அன்றைக்கு நான் மூக்கு முட்டச் சாப்பிட்டுவிட்டுத்தான் போயிருந்தேன். பயந்தாங்கொள்ளியும் இல்லை. எனக்கு வருவதெல்லாம் கோபம்தான். கூட்டாளிகள் எனக்கு வைத்திருக்கும் பெயர் பட்டாசு. அப்பேர்ப்பட்டவன் ஒரு வீட்டு வாசலில் செருப்பைக்கூட விட்டுவிட்டுப் படியிறங்கி ஓடினேன். ஏன் ஓடினேன் என்பதை இன்று சொல்லிவிடுகிறேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

இன்னொன்று. பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, ஒற்றை மரம் என்று காத்திருப்பவர்கள் மன்னிக்க வேண்டும். இது நடந்தது மத்தியானம், நாலு மாடிக் குடியிருப்பில், மூன்றாவது மாடியில். கீழே யாரோ கார் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் கடல் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு விளக்கு மாற்றிக் கொடுப்பது என் தொழில். பெரிய கண்ணாடித் தொட்டி, அதில் உப்புத் தண்ணீர், பாறை, பாறை மேல் பவளம். பவளம் என்றதும் மோதிரக் கல்லை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது உயிர். பூ மாதிரி விரியும், தொட்டால் சுருங்கும், வெளிச்சத்தைத் தின்று வளரும். கேட்பவர்களுக்குப் படமும் எடுத்துக் கொடுப்பேன். நீல விளக்கில் ஜொலிக்கிற பவளத்தைப் போனில் எடுத்தால் மை கொட்டின மாதிரி இருக்கும். நல்ல படம் வேண்டுமென்றால் லென்ஸுக்கு முன்னால் ஆரஞ்சுக் கண்ணாடி போட வேண்டும். தண்ணீர் அசையாமல் இருக்க மோட்டாரை நிறுத்த வேண்டும். அறையை இருட்டாக்க வேண்டும். பொறுமை வேண்டும். கடைசியாகச் சொன்னதைத் தவிர மற்றதெல்லாம் என்னிடம் உண்டு.

இந்தத் தொழிலில் என் ரத்தத்தைக் கொதிக்க வைப்பது ஒரே விஷயம். பழைய குழல் விளக்கில் வளர்ந்த பவளத்துக்குப் புது எல்.இ.டி விளக்கு உச்சி வெயில் மாதிரி. எடுத்த எடுப்பில் முழுசாக ஏற்றினால் வெளுத்துப்போகும், அப்புறம் செத்துப்போகும். ரெகுலேட்டரில் பத்து எண் இருந்தால் இரண்டில் ஆரம்பித்து, வாரத்துக்கு ஒன்றுதான் ஏற்ற வேண்டும். இதை நான் தொண்டை கிழியச் சொல்வேன். தலையைத் தலையை ஆட்டுவார்கள். நான் தெரு முனை திரும்புவதற்குள் பத்தில் வைத்து அழகு பார்ப்பார்கள். பிறகு போன் வரும். “உங்க லைட்டு எங்க பவளத்தைக் கொன்னுடுச்சு சார்.” என் லைட்டாம்!

அந்த வீட்டில் என்னைக் கூப்பிட்டவர் ஒரு லிஃப்ட் மெக்கானிக். நல்ல உயரம். தன் வீட்டு வாசலிலேயே குனிந்துதான் நுழைவார். மனைவி இறந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. தொட்டி அந்த அம்மாவுடையது. பழைய விளக்கில் பாதிக் குழல்கள் போய்விட்டன, அந்த அளவில் இப்போது எங்கேயும் கிடைப்பதில்லை.

அந்த அம்மா தையல்காரர். ஹாலின் ஒரு மூலையில் தையல் மெஷினின் கால்கள் அழுத்திய பள்ளங்கள் தரையில் இருந்தன, மெஷின் இல்லை. ஜன்னல்களில் அவர் தைத்த திரைகள், போர்வை மாதிரி கனம். இழுத்துவிட்டால் பகலிலேயே எதிரில் இருக்கிற ஆள் தெரியாது. தொட்டிக் கண்ணாடியில் வெளிச்சம் பட்டுக் கூசாமல் பார்ப்பதற்காகத் தைத்தாராம்.

தொட்டிக்கு நடுவில் ஒரு சுத்தியல் பவளம். விரல் விரலாக நீண்டு, ஒவ்வொரு விரல் நுனியும் குட்டிச் சுத்தியல் மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பெயர். கட்டைவிரல் அளவில் வாங்கி வந்ததாம். நான் பார்த்தபோது அண்டா வாய் அகலம் இருந்தது. வீட்டுத் தொட்டியில் இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் எனக்குக் கோபமே இல்லை.

“இதுதான் சார் அம்மாவோடது” என்றாள் மகள். அவளும் அப்பாவைப் போலவே நெட்டை. வேலை கிடைத்து வெளிநாடு போகப் போகிறாள். தொட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு போக முடியாது. “பெருசா ஒரு படம் எடுத்துக் குடுங்க. சுவர்ல மாட்டுற மாதிரி. இது நல்லா விரிஞ்சிருக்கணும். அது போதும் எனக்கு.”

“எடுத்துடலாம்மா. முதல்ல லைட்டை மாத்தலாம். ஸ்விட்ச் எங்க?”

“அவரைக் கேளுங்க.”

அவர் இரண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருந்தார்.

“கீழ கபோர்டுக்குள்ள இருக்குன்னு அவகிட்ட சொல்லுங்க” என்றார் அவர்.

அப்பாவும் மகளும் பேசிக்கொள்வதில்லை. எல்லாமே என் வழியாகத்தான். நான் என்ன தபால்காரனா? அப்போதே சுர்ரென்று ஏறியது. அடக்கிக்கொண்டு வேலையைப் பார்த்தேன். விளக்கை மாட்டி, பக்கவாட்டில் இருந்த ரெகுலேட்டரை இரண்டில் வைத்தேன். ஃபேன் ரெகுலேட்டர் மாதிரிதான், ஒவ்வொரு எண்ணுக்கும் ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

மெக்கானிக் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். “இவ்வளவுதானா தம்பி? இன்னும் ஏத்த முடியாதா?”

“ஏத்தலாம். ஏத்தினா செத்துடும். வாரத்துக்கு ஒரு நம்பர்தான் அண்ணே. கை துறுதுறுன்னு இருந்தா பாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கோங்க.”

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

நாலைந்து நாளில் மகளிடமிருந்து போன். “சார், அது சுருங்கிப்போய்க் கிடக்கு.”

போனேன். ரெகுலேட்டர் பத்தில் இருந்தது.

வாயில் வந்தபடி திட்டினேன். லிஃப்ட் மெக்கானிக்கும் சளைத்தவர் இல்லை. “இருட்டுக் குழிக்குள்ள கயித்துல தொங்கி வேலை பார்க்கிறவன் நான். ஒரு ரெகுலேட்டரைப் பத்தி நீ எனக்குப் பாடம் எடுக்கிறியா? நான் தொடல!” மகளும் தொடவில்லை என்றாள். அப்படியானால் பவளமே எழுந்து வந்து ஏற்றிக்கொண்டதா? கேட்டேவிட்டேன். இரண்டு பேரும் என்னை முறைத்தார்கள். அதில் மட்டும் அப்பாவும் மகளும் ஒற்றுமை.

கிளம்பும்போது முன்பக்கக் கண்ணாடியில் ஒரு கறையைப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கு. வட்டமாக ஒரு நெற்றி, அதற்குக் கீழே மூக்கு நுனி, இரண்டு பக்கமும் உள்ளங்கைகள். யாரோ கண்ணாடியில் முகத்தை ஒட்ட வைத்துப் பார்த்திருக்கிறார்கள். படம் எடுக்கிற கண்ணாடியில் இப்படிப் பண்ணினால் எனக்கு எப்படி இருக்கும்?

“வீட்டுக்குச் சின்னப் பிள்ளைங்க யாராவது வருவாங்களா?”

“யாரும் வர்றதில்ல சார். ஏன்?”

கறை என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அந்த வீட்டில் இருந்த இரண்டு பேரும் என்னைவிட உயரம். அதை அப்போதே யோசித்திருக்க வேண்டும். எனக்குக் கோபம் வந்தால் மூளை லீவு போட்டுவிடும். துணியை எடுத்து அழுத்தித் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வருவதற்கு முன்னால் ரெகுலேட்டரை இரண்டில் வைத்துக் கறுப்பு டேப்பால் சுற்றினேன். ஒரு சுற்று இல்லை, டேப் தீருகிற வரைக்கும் சுற்றினேன். இனி எந்தக் கொம்பன் திருகுவான், பார்க்கலாம் என்று நினைத்தேன்.

மறுபடியும் போன் வந்தது. மறுபடியும் போனேன். மறுபடியும் பத்து.

டேப்பைப் பிய்க்கவில்லை. வெட்டியிருந்தது. இவ்வளவு கனமான சுற்றை, நூல் பிடித்த மாதிரி நேராக, ஒரே வெட்டு. வெட்டிய துண்டுகள் தொட்டியின் மூடிமேல் ஒன்றன்மேல் ஒன்றாக, விளிம்பு பிசகாமல் அடுக்கியிருந்தன. சுத்தியல் பவளத்தின் நுனிகள் வெளுக்கத் தொடங்கியிருந்தன. கண்ணாடியில் அதே இடத்தில் அதே நெற்றி.

என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. “கத்திரிக்கோலை எடுத்துட்டு வாங்க. யார் ரூம்ல இருக்குன்னு பார்த்துடலாம்!”

“இந்த வீட்டுல கத்திரிக்கோலே கிடையாது” என்றார் மெக்கானிக்.

“தையல்காரங்க வீட்டுல கத்திரிக்கோல் இல்லையா? யார் காதுல பூ சுத்துறீங்க?”

மகள்தான் மெதுவாகச் சொன்னாள். “மெஷினைக் குடுத்துட்டோம் சார். கத்திரிக்கோலை அம்மாவோடயே வெச்சு அனுப்பிட்டோம். அவங்க கையை விட்டு அது இறங்கினதே இல்ல.”

ஒரு மனிதனுக்கு இதற்குமேல் என்ன சொல்ல வேண்டும்? எனக்கு உறைக்கவில்லை. “நீங்க ரெண்டு பேரும் சண்டை போட்டுக்கிறதுக்கு அந்த வாயில்லா உயிர் என்னம்மா பாவம் பண்ணுச்சு? உங்கம்மா வளர்த்ததை நீங்களே கொல்றீங்க” என்று அந்தப் பெண்ணைப் பார்த்துக் கத்திவிட்டேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அழுதாள். மெக்கானிக் என் சட்டையைப் பிடிக்க வந்தார். “என் பொண்ணைப் பேசினா பல்லு இருக்காது!”

“என் பொண்ணுன்னு சொல்ற உரிமை இல்லைன்னு அவர்கிட்ட சொல்லுங்க சார்” என்றாள் அவள், அழுதுகொண்டே.

அந்த நிமிஷமே கும்பிடு போட்டுவிட்டு வந்திருப்பேன். பவளம் கண்ணில் பட்டது. இன்னும் ஒரு வாரம் இப்படிப் போனால் படம் எடுப்பதற்கே ஒன்றும் மிஞ்சாது. இந்த வாரமே எடுத்துவிடலாம் என்று நாள் குறித்தேன்.

அந்த நாளில் இரண்டு பேரையும் வெளியே அனுப்பினேன். அறையில் ஆள் நடமாடினால் கண்ணாடியில் நிழல் விழும். மகள் படத்துக்குச் சட்டம் போடுகிற கடைக்குப் போனாள். மெக்கானிக் அந்தக் கட்டடத்து லிஃப்டில் ஏதோ கோளாறு என்று கருவிப் பையோடு கீழே இறங்கினார். உள்ளிருந்து தாழ்ப்பாள் போட்டேன். திரைகளை இழுத்துவிட்டேன். கும்மிருட்டு. தொட்டி மட்டும் நீலமாக நின்றது. ரெகுலேட்டர் இரண்டில். கண்ணாடியைத் துடைத்தேன். மோட்டாரை நிறுத்தினேன். மோட்டார் நின்றால் மேல் தொட்டித் தண்ணீர் கொஞ்சம் கபோர்டுக்குள் இருக்கிற கீழ்த் தொட்டிக்கு வடியும், ஒரு விரற்கடை மட்டம் இறங்கும். இறங்கியது. எல்லாம் சரியாக இருந்தது.

கறுப்புத் துணியைத் தலையோடு கேமராவோடு போர்த்திக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்தேன். மணி மூன்றாக ஐந்து நிமிஷம் இருந்தது.

இரண்டு படம் எடுத்தேன். மூன்றாவதில் சுத்தியல் விரல்கள் அசைந்தன.

மோட்டார் ஓடவில்லை. அலை இல்லை. தண்ணீர் எண்ணெய் மாதிரி நின்றது. ஆனால் இடது ஓரத்து விரல் சுருங்கியது. அடுத்து அதற்கு அடுத்தது. அடுத்து அதற்கும் அடுத்தது... யாரோ ஒரு கையால் தடவிக்கொண்டே போவது மாதிரி.

மீனாக இருக்கும் என்று தேடினேன். இருந்த இரண்டு மீன்களும் பின் மூலையில், பாறை இடுக்கில், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடந்தன.

டிக்.

வெளிச்சம் ஏறியது.

துணிக்குள் இருந்தபடியே கத்தினேன். “அண்ணே, கையை வைக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது!”

டிக்.

“அண்ணே!”

டிக்... டிக்... டிக்...

தாழ்ப்பாள் போட்டது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

துணியை வீசி எறிந்துவிட்டு எழுந்தேன். யாரும் இல்லை. கதவில் தாழ்ப்பாள் போட்டது போட்டபடி. ரெகுலேட்டர் தானாகத் திரும்பிக்கொண்டிருந்தது. மெதுவாக. எண் தெரியாமல் தடவித் தடவித் திருப்புகிற மாதிரி.

பத்து.

கண் கூசியது. பவளம் மொத்தமும் ஒரே இழுப்பில் சுருண்டது.

கண்ணாடியில், என் நெஞ்சு உயரத்தில், ஒரு சின்ன மூட்டம் படிந்தது. மறைந்தது. மறுபடி படிந்தது.

மூச்சு.

எனக்கும் கண்ணாடிக்கும் நடுவில்... யாரோ மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் மயங்கி விழுந்திருப்பார்கள். எனக்குக் கோபம் வந்தது. இத்தனை நாள் அடக்கிய அத்தனை கோபமும் வந்தது.

“கையை எடுங்க! நீங்க யாரா இருந்தாலும் சரி, கையை எடுங்க! இப்படியே பார்த்துக்கிட்டு இருந்தா பார்க்கிறதுக்கு ஒண்ணும் இருக்காது! செத்துடும்! புரியுதா? செத்துடும்!”

மூட்டம் நின்றது.

ஒரு சத்தம் இல்லை. சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த ஃப்ரிட்ஜ்கூட நின்றுவிட்ட மாதிரி...

டிக்.

இறங்கியது. ஒன்பது. எட்டு. ஏழு. சொன்ன பேச்சைக் கேட்கிற மாதிரி. இரண்டில் நிற்கும் என்று நினைத்தேன்.

நிற்கவில்லை.

ஒன்று.

டிக்.

இருட்டு.

களுக்.

தண்ணீர்.

களுக்... களுக்...

யாரோ தொட்டிக்குள் இறங்குகிற சத்தம்.

என் பாதத்தில் சில்லென்று ஏதோ வழிந்தது. உப்புத் தண்ணீர். தொட்டி நிரம்பி வழிந்தது.

ஓடினேன். தாழ்ப்பாளைத் திறந்தது எப்படி, படியிறங்கியது எப்படி என்று தெரியாது. வண்டிக்கு முன்னால் வெறுங்காலோடு நின்றபோது கார் கழுவுகிறவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சாவித் துவாரத்தில் சாவி நுழையவில்லை. 

சாவி நுழைந்த அந்த நிமிஷம்தான் நினைவு வந்தது. மோட்டார்.

நிறுத்தியது நிறுத்தியபடி இருக்கிறது. படம் எடுக்கிறவர்கள் செய்கிற முட்டாள்தனம் இது. மோட்டாரை நிறுத்துவோம், படம் எடுத்த சந்தோஷத்தில் போட மறந்துவிடுவோம். தண்ணீர் ஓடாவிட்டால் உள்ளே இருக்கிற உயிருக்கு மூச்சு முட்டும். ஏற்கெனவே வெளிச்சத்தில் வெந்து நொந்த பவளம் அது. மகள் எப்போது வருவாளோ தெரியாது, மெக்கானிக் லிஃப்டுக் குழிக்குள் இருக்கிறார், போன் போட்டேன், எடுக்கவில்லை. “செத்துடும், செத்துடும்” என்று ஊரைக் கூட்டிவிட்டு, கடைசியில் கொல்லப்போவது நானா? என்மேலேயே எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கெட்ட வார்த்தை ஒன்றைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே மேலே ஏறினேன். 

கதவு நான் விட்டுப்போன மாதிரி திறந்தே கிடந்தது. உள்ளே நீல வெளிச்சம். ரெகுலேட்டர் இரண்டில்.

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

கபோர்டு மூடியிருந்தது. திறந்து பார்த்தேன், ஸ்விட்ச் போட்டிருந்தது. நான் வீசி எறிந்த கறுப்புத் துணி கேமராப் பைமேல் இருந்தது. நாலாக மடித்து, ஓரம் ஓரத்தோடு சேர்த்து, நகத்தால் மடிப்பு நீவி. தரையெல்லாம் தண்ணீர். இவ்வளவு கொட்டியிருக்கிறதே, தொட்டியில் மட்டம் இறங்கியிருக்க வேண்டுமே? விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது.

சுத்தியல் பவளம் விரிந்திருந்தது. அப்படி ஒரு விரிவை நான் பார்த்ததில்லை, இனியும் பார்க்கப் போவதில்லை. ஒவ்வொரு விரலும் நீண்டு, நுனி பச்சையாக எரிந்தது.

ஒரே ஒரு படம் எடுத்தேன். அதுதான் அந்தப் பெண் கொண்டுபோன படம்.

அவள் வந்தபோது நான் வாசல்படியில் உட்கார்ந்திருந்தேன்.

“சார், ஏன் இப்படி வேர்த்திருக்கு?”

“உங்கம்மா... உயரமாம்மா?”

“இல்ல சார். குள்ளம். உங்க நெஞ்சுக்குத்தான் வருவாங்க.” என் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  அப்புறம் கேட்காமலே சொன்னாள். “அம்மாவுக்குக் கடைசி ஒரு வருஷமாக் கண்ணு தெரியாது சார். சர்க்கரை. யார்கிட்டயும் சொல்ல விடமாட்டாங்க, தைக்கக் குடுக்கிறவங்க போயிடுவாங்கன்னு. வெளிச்சமா இருந்தா மட்டும் ஏதோ நிழல் மாதிரி தெரியும். அதான் எப்பவும் தொட்டிக் கண்ணாடில நெத்தியை வெச்சுக்கிட்டே நிப்பாங்க. பழைய லைட்டுல ஏத்த முடியாதே. பெரிய லைட்டா ஒண்ணு வாங்கிக் குடுங்கன்னு அப்பாகிட்ட கேட்டுக்கிட்டே இருந்தாங்க.”

“வாங்கலையா?”

“‘கண்ணே தெரியாதவளுக்கு எதுக்குடி லைட்டு’ன்னு கேட்டார். ஏதோ கோவத்துல சொன்னதுதான். ஆனா அம்மா அதுக்கப்புறம் கேக்கவே இல்ல. அவர் முகத்தைக்கூடத் திரும்பிப் பார்க்கல சார், சாகிற வரைக்கும்.” அவள் எழுந்துகொண்டாள். “குழல் போனதும் இப்ப வாங்கியிருக்கார். இப்ப!”

எனக்கும் அந்த ஆளின் கழுத்தைப் பிடிக்கலாம் போல இருந்தது.

மகள் படத்தோடு ஊரைவிட்டுப் போனாள். அதன் பிறகு ரெகுலேட்டர் தானாக ஏறவில்லை. பவளத்தின் வெளுத்த நுனிகளில் நிறம் திரும்பிவிட்டது என்று மெக்கானிக் போனில் சொன்னார். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

போன வாரம் மறுபடி கூப்பிட்டார். “தம்பி, தண்ணி குறையவே மாட்டேங்குது. நான் ஊத்தவே இல்ல.” உப்புத் தண்ணீர்த் தொட்டியில் தினமும் கொஞ்சம் ஆவியாகும், தினமும் ஊற்றியாக வேண்டும். ஊற்றாமல் எப்படி நிற்கும்? போக மனசில்லை. போனேன்.

வீட்டில் அவர் மட்டும். இளைத்திருந்தார். நான் சொன்ன மாதிரியே வாரத்துக்கு ஒரு எண் ஏற்றியிருக்கிறார், இப்போது ஐந்து. தண்ணீர் விளிம்பில் நின்றது. உள் கண்ணாடியில் பச்சையாகப் பாசி படிந்திருந்தது. காந்தத் துடைப்பானால் தினமும் உள்ளே துடைக்க வேண்டும், அதை மகள்தான் செய்வாளாம், இவருக்குத் தெரியாது.

முன்பக்கக் கண்ணாடியில், என் நெஞ்சு உயரத்தில், ஒரு நெற்றி.

“மறுபடியுமா!” என்று பாய்ந்தேன்.

“அது என்னோடது தம்பி.” அவர் மெதுவாக முட்டி போட்டார். அவ்வளவு உயரமான மனிதர் முட்டி போட்டால்தான் அந்த இடம் எட்டியது. “அவ இங்கதான் நிப்பா. இங்க இருந்து பார்த்தா அவளுக்கு என்னதான் தெரிஞ்சிருக்கும்னு... டெய்லி கொஞ்ச நேரம் இப்படி இருப்பேன்.”

 அவரை எழுப்பி உட்கார வைத்துவிட்டு, துணியை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தேன். பிசுக்கு போனது.

நெற்றி போகவில்லை.

மறுபடி துடைத்தேன். அழுத்தித் துடைத்தேன். நகத்தால் சுரண்டினேன். கண்ணாடி வழவழவென்று இருந்தது.

உள்பக்கம்.

பச்சைப் பாசியில், துடைத்துவிட்ட மாதிரி சுத்தமாக, வட்டமாக ஒரு நெற்றி. மூக்கு நுனி. இரண்டு உள்ளங்கைகள். அவர் நெற்றி வைக்கிற அதே இடம், நேருக்கு நேர். நடுவில் கண்ணாடி மட்டும்.

அந்த அம்மா இப்போது பவளத்தைப் பார்க்கவில்லை. பவளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்.

“என்ன தம்பி, போகலையா கறை?” என்றார் அவர், நாற்காலியிலிருந்து.

“போயிடுச்சு அண்ணே” என்றேன்.

இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை. என்னவென்று சொல்வது? அந்தத் தொட்டியில் விளக்கு இப்போது ஆறுக்கு வந்திருக்கும். அடுத்த வாரம் ஏழு. வாரத்துக்கு ஒன்று என்று கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். பத்துக்கு வரும்போது அந்த அம்மாவுக்கு அவர் முகம் நன்றாகத் தெரிந்துவிடும்.